மூடக் கூடாத குழாய்

இங்கிலாந்து வீடுகளில் இருக்கும் பாய்லர் பெயரளவில்தான் பாய்லர். அதில் தண்ணீர் கொதிப்பதே இல்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் கேஸ் எரிகிறது. 60, 70 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் தள்ளிவிடுகிறது. அது அறைக்கு அறை சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களைச் சுற்றி, வெப்பத்தை விட்டுவிட்டு, மறுபடி சூடேறத் திரும்பி வருகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதே தண்ணீர்தான். பெட்டியின் அடிப்பக்கம் ஒரு கைக்கடிகாரம் அளவுக்கு பிரஷர் கேஜ். குளிர்ந்திருக்கும்போது அதன் முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். சூடேறும்போது 2 வரை போகலாம். 3 பார் என்றால் சிவப்பு.

நம் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில். பார் என்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, அந்த ஊர் பாய்லரின் சாதாரண நிலை நம் சாம்பார்ப் பருப்பு வேகும் நிலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

நீராவி எஞ்சினில் 14 கிலோவோடு வாழ்ந்தவருக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்ததில் வியப்பில்லை. திருச்சிக்காரரான அவர் 1968-இல் ரயில்வேயில் எஞ்சின் துடைக்கும் கிளீனராகச் சேர்ந்தவர். மீட்டர் கேஜ் பாதையில் ஒய்.பி. எஞ்சினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, டிரைவராகி, பிறகு டீசலுக்கு மாறி, 2007-இல் ஓய்வு பெற்றார். 2024 ஜனவரியில் அவரும் மனைவியும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தார்கள். மகளுக்கு முதல் குழந்தை. பிறந்து இரண்டு மாதம்.

குழந்தையைக் குளிப்பாட்டவும், மகளுக்குப் பூண்டு ரசம் வைக்கவும் பாட்டி இருந்தாள். மருமகனுக்கு ஆபீஸ். தாத்தாவுக்குத்தான் அந்த வீட்டில் வேலை இல்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வெளியே போகலாம் என்றால், "வழுக்குதுப்பா, வேண்டாம்" என்பாள் மகள்.

காலை ஏழு மணிக்கு மகள் செய்யும் முதல் காரியம் அவர் கண்ணில் பட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாய்லருக்கு அடியில் குனிந்து, ஒரு வெள்ளிப் பின்னல் போட்ட ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் இருக்கும் திருகுகளைத் திறப்பாள். 'உஸ்' என்று தண்ணீர் ஏறும். கேஜில் முள் 1.5 வந்ததும் மூடிவிடுவாள்.

"தினமும் இது எதுக்கும்மா?"

"ராத்திரியில பிரஷர் இறங்கிடுதுப்பா. 1-க்குக் கீழே போனா பாய்லர் நின்னுடும். ரெண்டு வாரமா இப்படித்தான்."

மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் இரண்டு வாரமாகத் தினமும் எங்கே போகிறது? கேள்வி அவரை விடவில்லை. ரேடியேட்டர்களின் அடியில் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்து பின்சந்தில் எட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. பாய்லருக்கு நேர் பின்னால் சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வந்தன. ஒன்று வெள்ளை பிளாஸ்டிக். மற்றது செம்பு, முனை சுவரை நோக்கித் திரும்பியிருந்தது. செம்புக் குழாயின் கீழே தரையில் கண்ணாடிபோல ஒரு பனித்தகடு உறைந்து கிடந்தது.

அந்த இரு குழாய்களைப் பிரித்து அறியாமல் குழம்பும் வீட்டுக்காரர்கள் அங்கே நிறைய. 2005-க்குப் பிறகு அங்கே வைக்கப்பட்ட பாய்லர்கள் பெரும்பாலும் புகையின் வெப்பத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் கண்டென்ஸிங் வகை. புகையில் இருக்கும் ஈரம் தண்ணீராகி பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். அது சொட்டினால் பாய்லர் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். செம்புக் குழாய் சேஃப்டி வால்வினுடையது. அது சொட்டினால் உள்ளே அழுத்தம் 3 பாரைத் தொட்டிருக்கிறது; அல்லது ஒருமுறை தொட்டுத் திறந்த வால்வு, தூசி சிக்கி, சரியாக மூடாமல் இருக்கிறது.

மகளின் கவலை அழுத்தம் குறைகிறதே என்பது. வியாதியோ அழுத்தம் கூடுவது.

பேரனின் தடுப்பூசி விவரம் எழுதியிருந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கோடு போட்டார். நேரம், சூடு, முள். அன்று முழுவதும் குறித்துக்கொண்டே வந்தார். காலை 7 மணி: குளிர்ந்த நிலை, 0.4. தண்ணீர் விட்டபின் 1.5. பாய்லர் எரியத் தொடங்கி இருபது நிமிடத்தில் 2.8. அரை மணியில் 3, செம்புக் குழாயில் சொட்டு. இரவு பாய்லர் அணைந்து தண்ணீர் ஆறியபின் 0.5. பார்த்த மருமகன் சிரித்தார்: "மாமா, ஈ.சி.ஜி. மாதிரி இருக்கு."

ஏறக்குறைய அப்படித்தான். தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் 100 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 103 லிட்டர் ஆகிவிடும். அந்த மூன்று லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. பழைய ஆங்கிலேய வீடுகளில் பரணில் ஒரு சிறு தொட்டி திறந்தபடி இருக்கும். விரிந்த தண்ணீர் அதில் ஏறி, ஆறியதும் இறங்கிவிடும். தொட்டி இல்லாத, முழுக்க மூடிய இன்றைய அமைப்பில் அந்த வேலையை ஒரு சின்ன இரும்புக் கலம் செய்கிறது. எக்ஸ்பான்ஷன் வெஸல் என்று பெயர். பாய்லரின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் பாய்லர் தண்ணீர், மறுபக்கம் சைக்கிள் டியூபில் அடிப்பதுபோல அடைத்த காற்று. தண்ணீர் விரியும்போது சவ்வு வளைந்து இடம் கொடுக்கும். காற்று சுருங்கிக்கொள்ளும். முள் கொஞ்சம்தான் ஏறும்.

காற்று கசிந்துபோனாலோ சவ்வு கிழிந்தாலோ இடம் கொடுக்க ஆள் இல்லை. முள் சர்ரென்று 3-க்குப் போகிறது, சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது, ஆறியதும் போன தண்ணீரின் அளவுக்கு அழுத்தம் விழுகிறது. காலையில் மகள் புதுத் தண்ணீர் நிரப்புகிறாள். மறுபடி 3. புதுத் தண்ணீர் தன்னோடு ஆக்ஸிஜனைக் கொண்டுவரும். அது ரேடியேட்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். லண்டன் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்பும் சேரும். மருந்து என்று நினைத்துக் கொடுத்ததே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர அவர் இன்னொன்றும் பார்த்தார். தண்ணீர் நிரப்பும் குழாயின் திருகு சரியாக மூடாமல் கசிந்தாலும் அழுத்தம் ஏறும். ஆனால் அப்படியானால் பாய்லர் அணைந்திருக்கும்போதும் முள் மெல்ல ஏற வேண்டும். உள்ளே வெந்நீர்க் குழாய்க்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் இடையிலுள்ள தகட்டில் ஓட்டை விழுந்திருந்தாலும் அப்படியே. இங்கே இரவெல்லாம் முள் அசையவில்லை. சூட்டோடு ஏறியது, சூட்டோடு இறங்கியது. குற்றவாளி வெஸல்தான்.

இதற்குள் பின்சந்துப் பனிக்கட்டியில் பக்கத்து வீட்டு மூதாட்டி வழுக்கிவிழப் பார்த்தார். வயது எண்பதுக்கு மேல். குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். வந்து மரியாதையாகத்தான் சொன்னார். மகள் கலங்கிவிட்டாள். பாய்லர் பெட்டியைத் திறந்து செய்யும் கேஸ் வேலையை 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் செய்யலாம் என்பது அங்கே சட்டம். குளிர்காலத்தில் அவர்களுக்கு ஏக கிராக்கி. நான்கு நாள் கழித்துத்தான் வர முடியும் என்று பதில் வந்தது.

அன்று மாலை, அக்கம்பக்கத் தமிழ் வீடுகளில் சில்லறை ரிப்பேர் பார்க்கும் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், காசு பெரிதாக வாங்குபவரும் அல்ல. செம்புக் குழாயைப் பார்த்தார். "இது ஒண்ணுமில்லக்கா. முனையில ஒரு கேப் போட்டா முடிஞ்சுது. சொட்டாது, ஐஸ் பிடிக்காது, பிரஷரும் இறங்காது" என்றார். சொன்னது மூன்றும் உண்மை. மகள் தலையசைத்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே.

அது வரையில் வாய் திறக்காத அப்பா எழுந்து வந்தார். "அதை மட்டும் தொடாதீங்க தம்பி."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் கேட்ட குரல்.

எஞ்சினில் சேஃப்டி அடித்தால் ஃபயர்மேனுக்கு டிரைவரிடம் திட்டு விழும். அளவுக்கு மேல் கரி போட்டு நீராவியை வீணடித்திருக்கிறான் என்று பொருள். காதைப் பிளக்கும் சத்தம் வேறு. ஆனால் அடிக்கிற சேஃப்டியைக் கட்டிப்போட்டவன் கதையைச் சொல்லித்தான் அந்தத் தலைமுறைக்குப் பாடம் தொடங்கும். 1831 ஜூனில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற எஞ்சின் வெடித்தது. சேஃப்டி வால்வின் இரைச்சல் பொறுக்காமல் ஃபயர்மேன் அதை அமுக்கிப் பிடித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. கொஞ்ச நேரம் நிசப்தம். பிறகு பாய்லரே சிதறியது. ஃபயர்மேன் இறந்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1679-இல், எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் மூடிய பாத்திரத்தைச் செய்த டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், அது வெடிக்காமலிருக்க எடை வைத்த ஒரு வால்வை யோசித்துவிட்டார். நம் குக்கரின் மூதாதை அது. பாத்திரத்தைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அந்த வால்வுதான்.

வீட்டு பாய்லருக்கும் நீராவி எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதையும் அவர் அந்த நான்கு நாளில் புரிந்துகொண்டார். கொதிக்காத தண்ணீர் 3 பாரில் குழாயை உடைத்தால் வீடு நனையும், வெடிக்காது. முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்ததும் குண்டு வெடிக்கப் போவதாகப் பதறத் தேவையில்லை. ஆனால் வெளியேறும் வழியையும் அடைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் என்றாவது பழுதானால் கதை வேறு. 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் 140 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பொறுத்திருக்கும். ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தால் அழுத்தம் விழும் அந்த நொடியில் அதில் ஒரு பங்கு நீராவியாகப் பாயும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். இரண்டு பழுதுகள் ஒரே நாளில் சேராது என்று நம்பி முதல் பழுதை நாமே செய்து வைக்கக் கூடாது.

ரிப்பேர்க்காரர் வருத்தப்படாமல் டீ குடித்துவிட்டுப் போனார். குழந்தை இருக்கும் வீட்டை நான்கு நாள் எப்படிச் சூடாக வைப்பது?

முதலில் சொட்டும் இடத்தில் ஒரு வாளி வைத்தார் தாத்தா. பனித்தகட்டின்மேல் உப்புப் போட்டார். பாய்லரில் தண்ணீர்ச் சூட்டைத் தீர்மானிக்கும் திருகை 70-இலிருந்து 50 டிகிரிக்குக் குறைத்தார். 50 டிகிரியில் 100 லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் விரியும். ரேடியேட்டர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். அறை சூடாக நேரம் ஆகும். அதற்கு ஈடாக அதிக நேரம் எரிய விட்டார். காலையில் 1.5 வரை நிரப்புவதை நிறுத்தி, 1-ஐத் தொட்டதும் மூடச் சொன்னார். குழந்தை தூங்கும் அறைக்கு மட்டும் மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கினார்கள்.

மருமகன் ஒரு யோசனை சொன்னார். அழுத்தம் கூடினால் ரேடியேட்டரின் மேல்மூலையிலுள்ள சிறு திருகைச் சாவியால் திறந்து கொஞ்சம் வெளியே விட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே? நல்ல யோசனைதான், பல வீடுகளுக்கு அதுவே போதும். தண்ணீரை அளவுக்கு மேல் நிரப்பிவிட்டதால் குளிர்ந்த நிலையிலேயே முள் 2-க்கு மேல் நிற்கிறது என்றால், பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, துணி பிடித்துக்கொண்டு அரைத் திருகு திறந்து, 1.5-க்கு வந்ததும் மூடினால் தீர்ந்தது. ஆனால் இங்கே மாடி ரேடியேட்டரைத் தாத்தா ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருந்தார். அடி சூடு, தலை ஜில். தினமும் ஏற்றிய புதுத் தண்ணீரோடு வந்த காற்று அங்கே மேலே சேர்ந்திருந்தது.

"அந்தக் காத்தை இப்ப எடுக்காதீங்க மாப்பிள்ளை. கெட்டுப்போன வெஸலுக்குப் பதிலா அதுதான் இப்ப வேலை செய்யுது. அதையும் எடுத்துட்டா தண்ணிக்கு ஒதுங்க இடமே இருக்காது."

அன்று இரவு முள் 2.5-இல் நின்றது. வாளியில் சொட்டு விழும் சத்தம் குறைந்தது. பனிரெண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் எழுந்து போய்ப் பார்த்து நோட்டில் எழுதினார். மூன்று மணிக்கு மகள் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்திருந்தாள். சமையலறை விளக்கு எரிவதைப் பார்த்து வந்தவள், "தூங்குங்கப்பா" என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று அவளும் முள்ளைப் பார்த்தாள். "எவ்வளவுப்பா?" என்றாள். "ரெண்டே கால்" என்றார்.

நான்காம் நாள் வந்த ஆங்கிலேய இளைஞர் பெட்டியைத் திறந்து, வெஸலில் இருக்கும் சைக்கிள் டியூப் போன்ற வால்வின் நடுமுனையை ஒரு விரலால் அமுக்கினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. சவ்வு கிழிந்துவிட்டது. காற்று மட்டும் குறைந்திருந்தால் பம்ப் வைத்து அடித்தே சரிசெய்திருக்கலாம். கிழிந்ததற்கு மருந்து இல்லை. வெஸலை மாற்றினார். இத்தனை நாள் திறந்து திறந்து தேய்ந்த சேஃப்டி வால்வையும் மாற்றினார். கடைசியாக, மாடி ரேடியேட்டரின் காற்றை எடுக்க மருமகனுக்கு அனுமதி கிடைத்தது. சூடான நிலையில் முள் 1.8. மகள் நோட்டை அந்த இளைஞரிடம் காட்டினாள். அவர் கடைசிப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத் தாத்தாவிடம் கை நீட்டினார். வருடாந்தர சர்வீஸின்போது இந்தக் காற்றைச் சோதித்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்றும் சொன்னார். இரண்டு வருடமாக சர்வீஸ் செய்யாத வீடு அது.

மே மாதம் திருச்சிக்குத் திரும்பியபின் தாத்தா தம் குளியலறையில் செய்த முதல் காரியம், ஸ்டூல் போட்டு ஏறி 15 லிட்டர் கீசரை ஆராய்ந்தது. நம் ஊரிலும் இதே பௌதிகம்தான். கீசருக்குக் குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. சூடான தண்ணீர் மாடித் தொட்டிக்குத் திரும்பிப் போகாமல் அது தடுக்கிறது. திரும்பும் வழி அடைபட்டுவிட்டதால், விரியும் தண்ணீர் வெளியேற அதிலேயே ஒரு சின்ன துளையும் உண்டு. சூடேறும் நேரத்தில் அந்தத் துளை சொட்டுவது பழுதல்ல. அதன் வேலையே அது. நாள் முழுக்க நிற்காமல் ஒழுகினால்தான் வால்வையோ, மோட்டார் தரும் அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ஆனால் சுவரில் கறை படிகிறது என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் குறைவில்லை.

அவர் வீட்டிலும் யாரோ ஒரு பிளம்பர் எப்போதோ அடைத்திருந்தார். வருடக்கணக்காக அதன் கீழே நின்றுதான் இருவரும் குளித்திருக்கிறார்கள்.

அந்த வால்வை மாற்றி, துளையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டிக் கீழே இறக்கிவிட்டார். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடானால் சுமார் 200 மில்லி விரியும் என்று கணக்கும் போட்டார். குழாயின் முனையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார். தினமும் குளித்து முடித்ததும் மனைவி அதைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறார். டம்ளர் நிறைந்திருந்தால் இருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. காலியாக இருக்கும் நாளில்தான் அவர் ஸ்டூலைத் தேடுகிறார்.